தணிகைக்கு ஒரு நடை

மொட்டை, காது குத்து, மலையில் ஒரு ராத்திரி, மறுநாள் ஓர் அருவிக் குளியல். வட தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ‘டூர்’ என்று பெயர் வைக்காமலே தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் இரண்டு நாள் ஓய்வின் கதை.

“நீங்க முன்னாடி போங்க கண்ணு, நான் மெல்ல வரேன்” என்று சொல்லிவிட்டு ஆயா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மடியில் மஞ்சள் பை. பைக்குள் எவர்சில்வர் தூக்கில் புளிசாதம். கூட வந்த ஏழு வயதுப் பேரன் மட்டும் மேலே போகவில்லை. அவனுக்கு ஒரு வேலை இருந்தது. திருத்தணி மலைக்கு 365 படி என்று ரயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைச் சரிபார்க்காமல் விடுவதாக இல்லை. 184 வரை எண்ணியிருந்தான். வாயைத் திறந்தால் கணக்கு தப்பும் என்று பயந்து, ஆயா கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான்.

எங்கள் கூட்டத்தில் பதினோரு பேர். இரண்டு பேருக்கு விசைத்தறி. ஒருவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்ட் வேலை. ஒருத்தி டீச்சர். இவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது முருகன் நேரில் வந்து நிற்பதைவிட அபூர்வம். அப்படிக் கிடைத்ததற்குக் காரணம், கூட்டத்திலேயே சின்னவளான இரண்டு வயதுக் குழந்தையின் தலைமுடி.

வேண்டுதல் என்னும் லீவு லெட்டர்

‘குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறேன், இரண்டு நாள் லீவு வேண்டும்’ என்று கேட்டுப் பாருங்கள். எந்த சூப்பர்வைசரின் முகமும் சுருங்கும். ‘குழந்தைக்கு முடி இறக்கணும் சார், வேண்டுதல் பாக்கி’ என்று கேளுங்கள். அதே முகம் மலர்ந்து, “எனக்கும் கொஞ்சம் விபூதி கொண்டுவாப்பா” என்று சொல்லும். அரக்கோணம், திருவள்ளூர், ராணிப்பேட்டை, ஆந்திராவின் சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் ஓய்வு என்ற சொல் காதில் விழுவது அபூர்வம். “தணிகைக்கு ஒரு நடை போய்ட்டு வரணும்” என்பார்கள். அந்த ஒரு நடைக்குள் பயணம், சமையல், உறவு, சண்டை, சமாதானம், போட்டோ எல்லாமே அடக்கம்.

உழைக்கும் வீடுகளில் சும்மா இருப்பதற்கு ஒரு கூச்சம் உண்டு. தறி நின்றால் கூலி நிற்கும். அந்தக் கூச்சத்தைக் கடக்கச் சாமி கொடுத்த வழி வேண்டுதல். கடனைத் தீர்க்கப் போகிறோம் என்று கிளம்பினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, தன் மனசாட்சிக்குக்கூட.

முடி இறக்கும் இடத்தில் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தது. தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்க்கிறவரைக்கும் சிரித்தது. உச்சியில் கத்தி பட்டதும் ஊரே திரும்பும்படி அழ ஆரம்பித்தது. மாமன் அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தானும் அழுகிற முகத்தோடு, “ஆச்சு, ஆச்சுடா செல்லம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் வழித்த மண்டையில் சந்தனத்தை அள்ளி அப்பியபோது அழுகை சட்டென நின்றது. குளிர்ச்சி ஏறியதும் குழந்தை தன் தலையைத் தானே தொட்டுப் பார்த்தது. விரலைப் பார்த்தது. பிறகு மாமன் கன்னத்தில் அந்தச் சந்தனத்தைப் பூசியது. 2021-இல் அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. அதனால் மொட்டைக்கும் காது குத்துக்கும் வைத்திருந்த காசில் கொஞ்சம் மிஞ்ச, அது பஞ்சாமிர்தமாகவும் பிளாஸ்டிக் விசிலாகவும் மாறியது.

சாமியே இளைப்பாறிய மலை

ஆறுபடை வீடுகளில் திருத்தணி ஐந்தாவது. இங்கே ஒரு வினோதம். கந்த சஷ்டி வந்தால் திருச்செந்தூர்க் கடற்கரை சூரசம்ஹாரத்தில் அதிரும். திருத்தணியில் சூரசம்ஹாரமே கிடையாது. அன்றைக்கு இங்கே முருகனுக்குப் பூவைக் கொட்டிப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். காரணம், தலபுராணப்படி இது போர் முடிந்த பிறகு வந்த இடம். சூரனோடு போட்ட சண்டையின் கோபமும், வள்ளிக்காக வேடர்களோடு போட்ட சண்டையின் கோபமும் தணிய முருகன் வந்து உட்கார்ந்த மலை. ‘செரு’ என்றால் போர். செருத்தணி திருத்தணி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். தணிகை என்ற பெயரும் அந்தத் தணிவிலிருந்து வந்ததுதான்.

யோசித்துப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான விடுமுறைத் தலம் எது? வேலை முடிந்து, சண்டை முடிந்து, கல்யாணமும் ஆகி, வீட்டுக்காரியோடு இளைப்பாற வந்த சாமி. இங்கே முருகன் சன்னதிக்கு எதிரே நிற்பது மயில் அல்ல, யானை. தெய்வயானைக்குச் சீதனமாக இந்திரன் தந்த ஐராவதம் என்கிறது கதை. அதன் முகமோ சாமியைப் பார்க்காமல் கிழக்கே பார்க்கிறது. சீதனத்தோடு சொந்த ஊரின் செழிப்பும் போய்விட்டது என்று இந்திரன் முறையிட, யானையைத் தன் ஊர்ப் பக்கம் பார்க்க வைத்தார்களாம். “மாமனார் வீட்டு ஞாபகம் போலிருக்கு” என்றார் எங்கள் மாமா. அத்தை முறைத்தார். சாமி குடும்பத்து வழக்கு நம் குடும்ப வழக்காக மாறுவதற்கு மலையில் ஒரு நிமிஷம் போதும்.

சங்கீதத்துக்கும் இந்த மலையில் ஒரு தொடக்கம் உண்டு. 1775-இல் பிறந்த முத்துசாமி தீட்சிதர் இங்கே தியானத்தில் இருந்தபோது, முதியவர் உருவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டைப் போட்டதாகவும், ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்ற அவருடைய முதல் கீர்த்தனை அப்போதுதான் பிறந்ததாகவும் சொல்வார்கள். குழந்தைகளுக்கு இந்தக் கதையில் பிடித்தது கற்கண்டு மட்டும்தான். கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

படிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம்மவர்கள் வெள்ளைக்காரத் துரைகளுக்கு மாலையும் பழமும் தூக்கிக்கொண்டு புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கூட்டத்தை மலைக்குத் திருப்பியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1917-இல் அவர் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழா ஒவ்வொரு டிசம்பர் 31 அன்றும் நடக்கிறது. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். படி ஒன்று, நாள் ஒன்று என்பது கணக்கு.

மடம் இருந்த கிராமம்

ஐரோப்பாவில் குடும்ப ஓய்வுக்கென்றே ‘காட்டுக் கிராமம்’ கட்டும் வழக்கம் உண்டு. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்தில் விளையாட்டுப் பொருள் கடைகள் நடத்திவந்த பீட் டெர்க்சன். 1968-இல் மரங்களுக்கு நடுவே சிறுசிறு வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார். நகர இரைச்சலிலிருந்து குடும்பத்தைப் பிரித்தெடுத்து, சேர்ந்து சமைக்கவும் நடக்கவும் நீந்தவும் வைப்பதுதான் யோசனை. சென்டர் பார்க்ஸ் என்று வளர்ந்த அந்த நிறுவனம் 1987-இல் இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டுக்கும் வந்தது. அங்கே காரைக் கொண்டுபோய் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். உள்ளே நடை அல்லது சைக்கிள்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது திருத்தணி அடிவாரம். சரவணப் பொய்கை என்னும் குமார தீர்த்தத்தைச் சுற்றி, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கென்று மடங்கள் எழுந்தன. அதனாலேயே அந்தப் பகுதிக்கு மடம் கிராமம் என்று பெயர். குளத்தில் குளி, மடத்தில் அடுப்பு மூட்டு, திண்ணையில் படு, விடிந்ததும் செருப்பைக் கீழே விட்டுவிட்டு மலை ஏறு. குடும்பங்கள் பாயும் பாத்திரமுமாக வண்டி கட்டிக்கொண்டு வந்து தங்கிய காலத்தை ஆயா தன் மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறார். “அரிசி, பருப்பு மட்டும் இல்ல, அம்மிக்கல்லும் வண்டியில வந்துச்சாம்” என்றார். பெயர் வைத்து விற்கவில்லையே தவிர, அதுவும் ஒரு விடுமுறைக் கிராமம்தான்.

ஆடிக் கிருத்திகை வந்தால் அந்த அடிவாரத்தை அடையாளம் தெரியாது. பம்பைச் சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கும். மஞ்சள் உடுத்தி, பூவால் மூடிய காவடியைத் தோளில் சுமந்து லட்சக்கணக்கில் வருவார்கள். தெலுங்கும் தமிழும் ஒரே ‘அரோகரா’வில் கலக்கும். பொய்கையில் தெப்பம் மிதக்கும். அமைதி தேடுகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். கூட்டமே ஓய்வு என்று நினைக்கிறவர்கள், நம்மில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம், தவறாமல் போகலாம்.

பெயரில் மிஞ்சிய காடு

அன்றைக்கு ராத்திரி விடுதி மொட்டைமாடியில் வரிசையாகப் பாய் விரித்தோம். வடக்கே நகரி மலைத்தொடர் கறுப்பாகத் தெரிந்தது. அதில் ஒரு சிகரம், மல்லாந்து படுத்தவர் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரே ‘நகரி மூக்கு’. கடலில் வரும் கப்பல்காரர்களுக்கு அது ஓர் அடையாளமாக இருந்திருக்கிறது.

இந்த வட்டாரத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காடு ஊர்ப்பெயராக நிற்கிறது. கிழக்கே திருவாலங்காடு. அங்கே சிவனுக்குப் பெயர் வடாரண்யேஸ்வரர், அதாவது ஆலங்காட்டு ஈசன். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து ஆட்டம் பார்த்த ஊர். ஆலங்காடு இன்று பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பெயரை ஒட்டி ஒரு சர்க்கரை ஆலை. வடக்கே நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை வேங்கடேசப் பெருமாள் மணந்ததாகச் சொல்லப்படும் ஊர். வள்ளியின் தினைப்புனம் இருந்த வள்ளிமலையோ மேற்கே. அவளைப் பார்க்க வந்த முருகன், வேடர்கள் வந்துவிட்டார்கள் என்று வேங்கை மரமாக மாறி நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். சாமியே மரமாக நிற்கத் துணிந்த நிலம் இது. நாம் அந்த மரங்களை எப்படி நடத்தினோம் என்பது வேறு கதை.

எல்லை தாண்டும் குளியல்

மறுநாள் காலை இரண்டு வண்டிகளில் புத்தூர் வழியாக வடக்கே போனோம். தமிழ்நாட்டுப் பலகை முடிந்து ஆந்திரப் பலகை தொடங்கியதைச் சிறுவர்கள் கைதட்டிக் கொண்டாடினார்கள். ஆயாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர் பிறந்தபோது திருத்தணியும் அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான். மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவுக்குப் போன ஊர் இது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வட எல்லைப் போராட்டம், படாஸ்கரின் தீர்ப்பு, 1959-இன் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. கோடு நகர்ந்தது. சம்பந்தங்கள் நகரவில்லை. ஆயாவின் நாத்தனார் இன்னும் நகரியில் இருக்கிறார். வீட்டுக்குள் தெலுங்கு, தமிழ் என்று இரண்டும் ஓடும். கோபம் வந்தால் தெலுங்கு, கணக்குப் பார்த்தால் தமிழ்.

நாராயணவனம் தாண்டினால் கைலாசகோனை. மலைகளுக்கு நடுவே உள்ள மடுவை, பள்ளத்தாக்கைத் தெலுங்கில் ‘கோனா’ என்பார்கள். மலையிடுக்கில் சிவன் கோயிலும் அதன் பக்கத்தில் ஓர் அருவியும். கோடையிலும் அடியோடு வற்றாத தண்ணீர் என்பதுதான் அதன் பெருமை. மூலிகை வேர்களைக் கழுவி வருவதால் உடம்புக்கு நல்லது என்பது வட்டார நம்பிக்கை. குற்றாலம்போல அடித்து நொறுக்காது. பாறைமேலிருந்து நூல் நூலாகப் பிரிந்து இறங்கும். மொட்டைத் தலைகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. இரண்டு வயதுக் குழந்தையை அதன் அப்பா இடுப்பில் வைத்துக்கொண்டு சாரலுக்குள் போனார். நேற்றுக் கத்திக்கு அழுத அதே தலையில் தண்ணீர் சொட்டியது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி, பிறகு இன்னொரு முறை வேண்டும் என்று மேலே கையைக் காட்டியது.

குளித்த பிறகுதான் உண்மையான விடுமுறை. பாறைமேல் ஈரத்துணியை விரித்து, கல் வைத்துப் பறக்காமல் அமுக்கி, புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்தோம். குரங்குகள் எங்களுக்கு முன்பே பந்தி போட்டு உட்கார்ந்திருந்தன. மூன்று வருஷமாகப் பேசாமல் இருந்த சித்தப்பாவும் மாமாவும் ஒரு குரங்கைத் துரத்தப் போய்ப் பேசிக்கொண்டார்கள். பாறை வழுக்கும் என்று யாரோ கத்தினார்கள். “விழுந்தா என்ன, புத்தூர் கட்டு பக்கத்திலதான் இருக்கு” என்றார் மாமா. எலும்பு முறிந்தவர்கள் மாவுக்கட்டை அறுத்துப் போட்டுவிட்டுக்கூடத் தேடிவரும் நாட்டு வைத்தியம் அது. இந்தப் பக்கத்துக்காரர்களின் எல்லா வீரத்துக்கும் பின்னணி அதுதான்.

இன்னும் ஒருநாள் கையில் இருந்தால் திருப்பதி தாண்டித் தலக்கோனைக்குப் போகலாம். 270 அடி அருவி, ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவின் காடு, மரக்கிளைகளுக்கு நடுவே கட்டிய கயிற்றுப் பாலம். அந்தச் சேஷாசலக் காட்டில்தான் செம்மரம் வளர்கிறது. உலகில் வேறு எங்கும் இயற்கையாகப் பெரிதாக வளராத மரம். அதே காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். நமக்கு இரண்டு நாள் குளிர்ச்சி தருகிற காடு, கூலிக்கு மரம் வெட்டப் போன குடும்பங்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதை மறந்துவிட்டு அங்கே செல்ஃபி எடுக்க முடிவதில்லை.

15 லட்சம் ஆண்டு பழைய முகாம்

எல்லை தாண்ட மனமில்லாதவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு காடு இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் அல்லிக்குழி மலைகளில் குடியம் குகைகள். முட்செடிக் காட்டுக்குள் நடந்து போனால் திடீரென்று ஒரு பெரிய பாறைக் கூரை தலைக்கு மேல் விரியும். அந்த நிழலில் கற்கால மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டுபிடித்த அத்திரம்பாக்கம் இதற்குப் பக்கத்தில்தான். அங்கே கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்டார்கள். 2024-இல் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. முன்பதிவு, வழிகாட்டி, நேரக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. பூண்டியில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அந்தக் கைக்கோடரிகளைப் பார்த்துவிட்டுப் போனால், நம் மாவட்டத்தில் குடும்பத்தோடு காட்டில் தங்கியவர்களில் நாம் முதல் ஆள் இல்லை என்பது விளங்கும்.

காட்டு மக்களையே விருந்து படைப்பவர்களாக வைத்த முயற்சிகளும் தமிழ்நாட்டில் உண்டு. கோவை காரமடை வனச்சரகத்தில் பரளிக்காடு அப்படிப்பட்டது. வார இறுதியில் பில்லூர் அணைத் தேக்கத்தில் பரிசல், பழங்குடிப் பெண்கள் சமைத்த சாப்பாடு, ஆற்றுக் குளியல், சாயங்காலம் திரும்பல். சிறிய ஏற்பாடு. வருமானம் அந்த ஊர்க்காரர்களுக்குப் போகிறது. நகரி மலைச் சாரலில் சீத்தாப்பழக் கூடையோடு சாலையோரம் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போது, இங்கேயும் அது முடியாதா என்று தோன்றுகிறது.

மூன்று மணி நேரத் தரிசனம்

இந்த ஓய்வுக்கு இப்போது ஓர் எதிரி வந்திருக்கிறது. நல்ல சாலை. சென்னையிலிருந்து அதிகாலையில் கிளம்பி, கார் மலையுச்சி வரைக்கும் போய், சிறப்பு வரிசையில் நின்று, ‘முடிச்சிட்டு’ மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். படி ஏற முடியாதவர்களுக்கு அந்தச் சாலை வரம்தான். ஏற முடிந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டதால், சினம் தணிய வேண்டிய மலையில் பார்க்கிங்குக்காகச் சினம் ஏறுகிறது. நாங்களும் உத்தமர்கள் இல்லை. ஒரு விடுதியில் பதிவு செய்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அரைமணி நேரம் தொண்டை வறளக் கத்தினோம். ஆயாதான், “எதுக்கு வந்தோம்னு மறந்துட்டீங்களா” என்று கேட்டு நிறுத்தினார். அந்த அறை கிடைக்காததால்தான் வேறு விடுதியின் மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தோம்.

அருவிகளில் இன்னொரு கவலை. குளித்தவர்கள் விட்டுப்போன ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் கவர், உடைந்த பாட்டில். குரங்குகளும் அதைத்தான் கிளறிக்கொண்டிருந்தன. மடத்தில் அடுப்பு மூட்டிய தலைமுறை, கிளம்பும்போது அடுப்படியை மெழுகிவிட்டுப் போனது. அடுத்து வருகிறவருக்கும் அது வீடு என்ற நினைப்பு. அறைக்கு வாடகை கொடுத்துப் பழகியதும் அந்த நினைப்பு நம்மை விட்டுப் போய்விட்டது.

ரொம்பப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். சென்னை மூர் மார்க்கெட்டிலிருந்து திருத்தணி வரை எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓடுகிறது. கூட்டமில்லாத ஒரு வாரநாள், கையில் ஒரு தூக்கு, ஒரு ராத்திரி தங்கல், ஏறுவதற்குப் படி. சாப்பிட்ட இடத்தைப் பெருக்கிவிட்டு வர ஒரு பை. இது போதும்.

முதல்நாள் கதைக்கே திரும்புகிறேன். நாங்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்து ஆயாவும் பேரனும் வந்தார்கள். கைக்குக் கை பிடித்திருந்தார்கள். பையனுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் ஒரு கண்டுபிடிப்பாளனின் களை.

“எல்லாரும் தப்பா சொல்றாங்க. மொத்தம் 366.”

மாமா திரும்பப் போய் எண்ணலாமா என்றார். யாரும் அசையவில்லை. ஆயா முந்தானையால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

“அந்த ஒண்ணு, நாம ரெண்டு பேரும் உக்காந்தோமே, அதுவா இருக்கும்.”